சுவரொட்டியில் யாருக்கு இடம்? தொடக்ககாலச் சோவியத் விளையாட்டுச் சுவரொட்டிகள் குறித்து

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சங்க இலக்கியம் பற்றிப் பேசுவேன் என்று எண்ணித்தான் அமைப்பாளர்கள் என்னை அழைத்திருப்பார்கள். முனைவர் பட்டத்துக்கு நான் ஆய்ந்ததும் அத்துறையே. இன்று அங்கேயும் சற்றே போய் வருவோம். ஆயினும் நான் எடுத்துக்கொண்ட பொருள் சுவரொட்டி. அதிலும், 1920களில் சோவியத் நாட்டில் விளையாட்டுக்கென ஆக்கப்பட்ட சுவரொட்டிகள். கவிஞர் அவையில் இதற்கென்ன வேலை என்று கேட்பீர்கள். அந்தச் சுவரொட்டிக் கலைக்குப் பின்னால் ஒரு பெருங்கவிஞர் நிற்கிறார் என்பது ஒரு விடை. ஒரே தாளில் சொல்லுக்கும் உடலுக்கும் முகத்துக்கும் இடம் பங்கிடும்போது யாருக்கு எவ்வளவு என்னும் கேள்வி, வாழ்த்துப்பா எழுதிப் பழகிய நம்மையும் தொடுகிறது என்பது மற்றொன்று.

மறைமலையடிகள் பெயர் தாங்கிய ஊரில் நின்றுகொண்டு 'போஸ்டர்' என்று சொல்ல நாக்குக் கூசுகிறது. 'சுவரொட்டி' நல்ல சொல். இறைச்சிக் கடையில் அச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டென்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. ஆட்டின் மண்ணீரலை விட்டுவிட்டு நாம் சுவருக்கு வருவோம்.

சிங்கப்பெருமாள் கோவிலில் பிரிந்து ஒரகடம் செல்லும் சாலையில் தொழிற்சாலைப் பேருந்துகள் விடியற்காலையிலும் நள்ளிரவிலும் ஓடுகின்றன. அவற்றின் சன்னலோரம் அமர்ந்திருப்பவர் கண்ணில் படும் கபடிப் போட்டிச் சுவரொட்டியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உச்சியில் தெய்வமோ தலைவரோ. அதன்கீழ் 'மாபெரும்' என்று தொடங்கும் தலைப்பு. பிறகு முதற்பரிசு, இரண்டாம் பரிசு, அவற்றை வழங்குவோர் பெயர். எஞ்சிய இடம் முழுவதும் கடவுச்சீட்டு அளவு முகங்கள். வரவேற்போர், வாழ்த்துவோர், நன்கொடையாளர் என வரிசை வரிசையாக. மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிர்க்களத்தில் பாயும் இளைஞன் எங்கே என்று தேடினால், ஒரு மூலையில், எவரோ எங்கோ எடுத்த படமொன்று பெருவிரல் அளவில் இருக்கும். சில சுவரொட்டிகளில் அதுவும் இராது. ஆட்டத்தை அறிவிக்கும் தாளில் ஆட்டம் இல்லை. இதை நையாண்டிக்காகச் சொல்லவில்லை. நன்கொடையாளர் இல்லாமல் ஊரில் போட்டி நடவாது. தம் முகம் காண விரும்பாத நன்கொடையாளரும் அரியர். என் அக்கறையெல்லாம் அந்தத் தாளின் பங்கீடு பற்றியது.

இனி, அதே தாளை வேறு விதமாகப் பங்கிட்ட ஒரு காலத்துக்குப் போவோம். 1928ஆம் ஆண்டு. ஆம்ஸ்டர்டாமில் ஒலிம்பிக் போட்டிகள். ஜெய்பால் சிங் தலைமையில் சென்ற இந்திய வளைகோற்பந்து அணி, தியான் சந்தின் கோல்களால் முதல் தங்கத்தை வென்றது அங்கேதான். சோவியத் நாடு அவ்வொலிம்பிக்கில் கலந்துகொள்ளவில்லை. 1952இல் ஹெல்சிங்கியில்தான் அது முதன்முதல் ஒலிம்பிக்குக்கு வந்தது. முதலாளி நாடுகளின் ஒலிம்பிக்குக்கு மாற்றாக 1928 ஆகஸ்டில் மாஸ்கோவில் அனைத்துச் சோவியத் ஸ்பார்த்தகியாத் என்னும் தொழிலாளர் விளையாட்டு விழாவை நடத்தினர். ரோமாபுரியில் அடிமைகளின் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய ஸ்பார்ட்டகஸின் பெயரால் அமைந்த பெயர் அது. அவ்விழாவுக்கென ஓர் அஞ்சலட்டை வரிசையை ஆக்கியவர் குஸ்தாவ் குளுட்சிஸ். 1895இல் லாத்வியாவில் பிறந்தவர். புரட்சியைக் காத்த லாத்வியத் துப்பாக்கிப் படையில் இருந்தவர். பின் மாஸ்கோவில் கலை பயின்றவர்.

உள்ளங்கை அளவான அந்த அட்டைகளில் நம் கண்ணுக்கு முதலில் படுவது, நிலம் இல்லாமை. ஒளிப்படங்களிலிருந்து கத்தரித்தெடுத்த வீரர், வீராங்கனையரின் உடல்கள் வெறுவெளியில் பாய்கின்றன. பேருரு ஒன்றன் அருகிலேயே அதே ஆட்டத்தைச் சேர்ந்த சிற்றுரு. தட்டையான வண்ணப் பரப்புகளும் வட்டங்களும் சாய்கோடுகளும் அவ்வுடல்களைத் தாங்குகின்றன. எழுத்துகள் படத்துக்கு அடியில் அடங்கிக் கிடக்காமல், உடல் சாயும் திசையில் தாமும் சாய்கின்றன. ஒளிப்படத் துண்டுகளை ஒட்டி ஒரு புதுப்படம் ஆக்கும் இம்முறையை 'ஒட்டுப்படம்' எனலாம். அரசியல் வாசகங்கள் அவற்றிலும் உண்டு. உலகத் தொழிலாளர்க்கு வாழ்த்துச் சொல்லாத சோவியத் அட்டை அரிது. எனினும் இடத்தை ஆள்வது பாயும் உடலே.

சாய்கோடு ஏன்? நேர்நிற்பது நிலைபெற்றது, கிடப்பது ஓய்ந்தது, சாய்ந்திருப்பது அடுத்த கணம் வேறாகப் போவது. எல் லிசிட்ஸ்கி உள்நாட்டுப் போர்க் காலத்தில் வரைந்த சிவப்பு ஆப்புச் சுவரொட்டியில், ஒரு சிவப்பு முக்கோணம் ஒரு வெள்ளை வட்டத்தைக் குத்திப் பிளக்கிறது. அவ்வளவுதான் படம். எழுத்தறியாதவருக்கும் அது விளங்கும். அவரே 1926இல், தடை தாண்டும் ஓட்டக்காரர் ஒருவரின் படத்தை நியூயார்க் நகரின் இரவு விளக்குகள்மேல் ஏற்றி ஓர் ஒளிப்படம் ஆக்கினார். ஓடுபவர் நகரத்தினூடே ஓடுகிறாரா, நகரம் அவரூடே ஓடுகிறதா என்று சொல்ல முடியாது. நெடுஞ்சாலையில் பேருந்துச் சன்னல் வழியே உலகைப் பார்ப்பவர்க்கு அந்த மயக்கம் புதிதன்று.

சிவப்பும் கறுப்பும் தாளின் வெண்மையும் இக்கலைஞர்களிடம் மீண்டும் மீண்டும் வருவதற்குக் கொள்கை மட்டும் காரணம் என்று சொல்லிவிடக் கூடாது. வறுமையும் காரணம். போர்க் காலத்தில் தாளும் மையும் அச்சுப்பொறியும் அரிதாக இருந்தன. 1919 முதல் மாஸ்கோவின் வெறுமையான கடைச் சன்னல்களில் தொங்கவிடப்பட்ட செய்திச் சுவரொட்டிகளை, அட்டையில் துளை வெட்டி, வண்ணம் தேய்த்துத்தான் படியெடுத்தார்கள். அவ்வேலையில் இரவு பகலாக ஈடுபட்டவர் கவிஞர் மாயகோவ்ஸ்கி. வாசகமும் எழுதினார், படமும் வரைந்தார். ஓவியப் பள்ளியில் பயின்றவர் அவர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

கவிஞர் பெருமக்கள் இங்கே சற்று நின்று கவனிக்க வேண்டும். 1923இல் மாயகோவ்ஸ்கியின் இரண்டு நூல்கள் வெளிவந்தன. ஒன்று, பெர்லினில் அச்சான 'குரலுக்காக'. 13 கவிதைகள், உரக்கப் படிப்பதற்கென்றே தொகுத்தவை. அதை வடிவமைத்த லிசிட்ஸ்கி, தொலைபேசி எண்ணேட்டில் இருப்பதுபோல் பக்க விளிம்பைப் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு கவிதைக்கும் ஒரு குறியிட்டார். மேடையில் நிற்கும் கவிஞர் பக்கங்களைப் புரட்டித் தேட வேண்டியதில்லை. கட்டைவிரல் கவிதையைக் கண்டுபிடித்துவிடும். படங்கள் யாவும் அச்சகத்து எழுத்துப் பெட்டியில் கிடந்த கோடுகளாலும் எழுத்துகளாலும் ஆனவை. நம் கவியரங்குகளில் கவிஞர் ஒலிபெருக்கி முன் நின்று தாள்களைக் கலைத்துத் தேடும் அந்த நீண்ட நிமிடங்களில் எனக்கு இந்நூல் நினைவுக்கு வராமற் போனதில்லை.

மற்றொரு நூல் 'இது பற்றி' என்னும் நெடுங்கவிதை. அதற்கு ஒட்டுப்படங்கள் ஆக்கியவர் அலெக்சாந்தர் ரோத்சென்கோ. வரிகளைப் படிக்கட்டுபோல் இறக்கி எழுதும் முறையை மாயகோவ்ஸ்கி தொடங்கியதும் அந்நூலில்தான். நம் புதுக்கவிதையில் வரிகள் படியிறங்கும்போது அது சில வேளை வெறும் பழக்கமாக நின்றுவிடுகிறது. மாயகோவ்ஸ்கிக்கு அது மூச்சின் கணக்கு. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை இறக்க வேண்டும் என்று மேடைக்காரன் தனக்குத் தானே போட்டுக்கொண்ட குறி. அசை, சீர், அடி என்று செவியால் யாப்பைக் கண்ட மொழிக்காரர்களாகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பின்னர் மாயகோவ்ஸ்கியும் ரோத்சென்கோவும் சேர்ந்து அரசுக் கடைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் விளம்பரங்கள் செய்தனர். பிஸ்கோத்துக்கும் ரப்பர்ச் செருப்புக்கும் வாசகம் எழுதுவது கவிதைக்கு இழுக்கு என்று அவர் எண்ணவில்லை. இதில் நான் அவர் பக்கம். செருப்புக்கு எழுதிய வரி செருப்பைப் பற்றிப் பொய் சொல்லாதவரை அது இழுக்கில்லை.

பெண்பாலர் ஒருவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ரோத்சென்கோவின் துணைவி வார்வாரா ஸ்தெபானோவா, 1923இல் விளையாட்டு உடைகளை வரைந்தார். பார்வையாளர் தொலைவிலிருந்தே அணியை இனங்காண வேண்டும். ஆடுபவர்க்குக் கையும் காலும் தடையின்றி அசைய வேண்டும். இவ்விரண்டிலிருந்துதான் உடை பிறக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆகவே பட்டைகளும் வட்டங்களும் விண்மீன்களுமாய், உடல் அசைய அசைய வடிவும் அசையும் உடைகள். அவற்றில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடு மிகக் குறைவு. நம் கல்லூரி மாணவியர் கபடிக் களத்தில் உடை பற்றி எதிர்கொள்ளும் பேச்சுகளைக் கேட்டவள் என்ற முறையில், நூறாண்டுக்கு முன் ஒரு பெண் இதை இவ்வளவு எளிதாகச் சொன்னாள் என்பது எனக்கு வியப்பு.

இப்போது என் துறைக்கு வருகிறேன். விளையாட்டை நம் பழம்புலவர் எவ்வாறு பாடினர்? கலித்தொகையின் முல்லைக்கலியில் ஏறுதழுவல் வருகிறது. அங்கே காளைகள் ஒவ்வொன்றும் தத்தம் நிறத்தோடும் புள்ளியோடும் கொம்போடும் வருகின்றன. பாய்வோரின் உடல் இருக்கிறது, குருதி இருக்கிறது, பரணில் நின்று பார்க்கும் மகளிர் பேச்சு இருக்கிறது. யார் பொருளுதவியால் அது நடந்தது என்ற செய்தி இல்லை. அகத்திணையில் ஒருவர் பெயரையும் சுட்டிக் கூறலாகாது என்று தொல்காப்பியம் விதித்துவிட்டது. அவ்விதியால் காதல் காக்கப்பட்டது என்று வகுப்பில் சொல்வோம். ஆட்டமும் காக்கப்பட்டது என்று நான் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன்.

புறத்தில் பெயர் உண்டு. ஆனால் புறநானூற்று எண்பதாம் பாட்டைப் பாருங்கள். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூரில் ஒரு மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் பாடுகிறார். ஒரு கால் எதிரியின் மார்பின்மேல் அழுந்துகிறது. மற்றொரு கால் அவனுடைய உபாயத்தைத் தடுத்து முதுகில் வளைகிறது. அரசமகனே ஆனாலும் அங்கே அவன் முகம் இல்லை, கால்கள் இருக்கின்றன. குளுட்சிஸ் கத்தரிக்கோலால் செய்ததைச் சாத்தந்தையார் சொல்லால் செய்திருக்கிறார் என்று கூறினால் ஒப்பியல் ஆய்வாளர்கள் என்னை மன்னிக்க வேண்டும். அதே வீரனைப் பாடிய நக்கண்ணையார், வென்றான் என்பாரும் இல்லை என்பாருமாய் ஊர் இரண்டுபட்டபோது, சிலம்பொலிக்க ஓடி, பனைமரத்தில் சாய்ந்து நின்று தாமே பார்த்துத் தெளிகிறார். பார்வையாளர் எங்கே நின்று பார்த்தார் என்பதும் பாட்டில் இருக்கிறது.

பங்கீடு எப்போது மாறியது? சோவியத் நாட்டில் அது ஒரே நாளில் மாறவில்லை. 1928லேயே ரோத்சென்கோவின் சாய்கோண ஒளிப்படங்கள் வெறும் உருவவாதம் என்று இதழொன்றில் தாக்கப்பட்டன. 1930இல் மாயகோவ்ஸ்கி தற்கொலை செய்துகொண்டார். 1932இல் கலை, இலக்கியக் குழுக்கள் யாவும் அரசாணையால் கலைக்கப்பட்டன. குளுட்சிஸின் 1931ஆம் ஆண்டுச் சுவரொட்டி ஒன்றில் ஜோசப் ஸ்டாலின் சுரங்கத் தொழிலாளரோடு சேர்ந்து நடக்கிறார். அதன்பின் வந்த சுவரொட்டிகளில் அவர் வளர்ந்துகொண்டே போகிறார். சுற்றி நிற்கும் மக்கள் கடுகாகிறார்கள். பேருருவையும் சிற்றுருவையும் அருகருகே வைக்கும் உத்தி அதேதான். 1928இல் அது ஆட்டத்தின் விசையைக் காட்டிற்று; சில ஆண்டுகளில் ஒருவரின் அதிகாரத்தைக் காட்டிற்று. இந்த உத்தியைக் கண்டவரே இதற்கும் அதைக் கையளித்தார் என்பதுதான் எனக்கு உறுத்தல்.

விளையாட்டும் அப்படியே ஆயிற்று. 1930களின் நடுவில் செஞ்சதுக்கத்தில் உடற்பயிற்சி அணிவகுப்புகள். ஆயிரக்கணக்கான உடல்கள், அளந்தெடுத்த வரிசைகளில், தலைவரின் பெரும் உருவப்படங்களைச் சுமந்து செல்கின்றன. ரோத்சென்கோ அவற்றையும் படமெடுத்தார். படங்கள் அழகானவை, அதில் ஐயமில்லை. 1933இல் வெண்கடல் கால்வாயைக் கைதிகள் வெட்டியபோது அதையும் அவர் படமெடுத்து, 'கட்டுமானத்தில் சோவியத் ஒன்றியம்' என்ற இதழின் டிசம்பர் வெளியீட்டை வடிவமைத்தார். அவ்விதழில் அது மனிதரைப் புதுப்பிக்கும் பெரும்பணி. அக்கால்வாயில் மாண்டவர் ஆயிரக்கணக்கானோர்.

குளுட்சிஸ் 1938 ஜனவரியில் கைதானார். நியூயார்க் உலகக் கண்காட்சிக்கான பணியில் அப்போது இருந்தார். அவர் மனைவி வாலந்தினா குலாகினாவும் சுவரொட்டிக் கலைஞரே. கணவர் எங்கே என்று அலுவலகம் அலுவலகமாகக் கேட்டு அலைந்தார். குளுட்சிஸ் பிப்ரவரி 26 அன்றே, மாஸ்கோவுக்கு அருகில் புத்தோவோ என்ற இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டுவிட்டார். இதய நோயால் 1944இல் இறந்தார் என்று குடும்பத்துக்குச் சொல்லப்பட்டது. உண்மை வெளிவந்தது 1989இல். குலாகினா அதற்கு இரண்டாண்டு முன்பே, 1987இல், காலமாகிவிட்டிருந்தார்.

இவையெல்லாம் தொலைவில் நடந்தவை என்று எண்ணுவோர்க்குச் சதுரங்கத்தின் கதையைச் சொல்கிறேன். சதுரங்கத்தைத் தொழிலாளரிடம் கொண்டுசெல்ல வேண்டும் என்று 1920களில் இயக்கமே நடத்தியவர் நிக்கோலாய் கிரிலென்கோ. 1925இல் மாஸ்கோவில் பன்னாட்டுப் போட்டி நடந்தபோது, உலக வாகையர் கப்பபிளாங்கா தாமாகவே தோன்றும் 'சதுரங்கக் காய்ச்சல்' என்ற சிறு திரைப்படத்தைப் புதோவ்கின் இணைந்து இயக்கினார். அதே ஆண்டு பாரிசுக் கண்காட்சியில் ரோத்சென்கோ ஒரு தொழிலாளர் மன்றத்தை அமைத்தார்: படிக்க நீண்ட மேசை, சுவர்ச் செய்தித்தாள், சிவப்பும் கறுப்புமான சதுரங்க மேசை. இரு நாற்காலிகளும் மேசையோடு பிணைந்தவை. பலகையைத் திருப்பினால் ஆட்டக்காரர் உள்ளே சென்று அமரலாம். வேலை முடிந்து வரும் தொழிலாளி எங்கே உட்கார்வான், கை எங்கே படும் என்று எண்ணிச் செய்த பொருள். ஒரகடம் சாலையில் பணிமுறை முடிந்து இறங்குவோர்க்கு அப்படி ஒரு மேசை எங்கே இருக்கிறது என்று நானும் தேடிப் பார்த்தேன். கிரிலென்கோ 1938 ஜூலையில் சுடப்பட்டார். அவரே முன்னர்ப் பலருக்கு மரண தண்டனை கேட்ட அரசு வழக்கறிஞர்.

அந்தச் சதுரங்க மரபின் ஓர் இழை சென்னைக்கும் வந்தது. 1972இல் சென்னைச் சோவியத் கலாசார நிலையத்தில் மிகைல் தால் பெயரால் ஒரு சதுரங்க மன்றம் தொடங்கியது. தோற்றுவித்தவர் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டரான மானுவல் ஆரோன். சிறுவன் விசுவநாதன் ஆனந்த் ஆடிப் பழகிய இடங்களுள் அது ஒன்று. அரை நூற்றாண்டு கழித்து, ருஷ்யாவில் நடக்கவிருந்த 44ஆம் சதுரங்க ஒலிம்பியாட், 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டபின் அங்கிருந்து எடுக்கப்பட்டு, நம் செங்கற்பட்டு மாவட்டத்துக் கடற்கரையில், மாமல்லபுரம் அருகே பூஞ்சேரியில் நடந்தது. சென்னையில் நேப்பியர் பாலம் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக மாறியதை நினைவிருக்கும். அந்தப் பாலத்தை ரோத்சென்கோ கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். எழுத்தே இல்லாமல், வாகனத்தில் விரைபவர்க்கும் ஒரு நொடியில் விளங்கிய சுவரொட்டி அது. வேட்டி கட்டிக் கைகூப்பி நின்ற 'தம்பி' என்னும் குதிரையும் நல்ல கற்பனை. அதே ஜூலையில்தான் நம்மூர்க் கார்த் தொழிற்சாலையில் உற்பத்தி நின்றது. தம்பியின் படங்களைத் தாண்டித்தான் அத்தொழிலாளர்கள் கடைசி நாள்களில் வந்து போனார்கள்.

அப்புறம் முகங்கள் வந்தன. விளம்பரங்களில் முதலமைச்சர் படம் உண்டு, தலைமை அமைச்சர் படம் இல்லை என்று பொதுநல வழக்குத் தொடுக்கப்பட்டது. சிலர் விளம்பரப் பலகைகளில் தலைமை அமைச்சரின் படத்தைத் தாங்களே ஒட்டினர். குடியரசுத் தலைவர், தலைமை அமைச்சர் ஆகியோர் படங்களும் இடம்பெறச் செய்ய வேண்டும் என்று, போட்டி தொடங்கிய ஜூலை 28 அன்றே சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. எந்தப் பக்கம் சரி என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஒரு சதுரங்கச் சுவரொட்டியில் யார் முகம் இருக்க வேண்டும் என்று மூன்று தரப்பும் வாதிட்டபோது, ஆட்டக்காரர் ஒருவரின் முகமாவது இருக்க வேண்டும் என்று யாரும் வழக்குப் போடவில்லை. அப்போட்டியில் மகளிர் பிரிவில் தங்கம் வென்றது உக்ரைன். தம் நாட்டில் குண்டுகள் விழுந்துகொண்டிருக்க அப்பெண்கள் பலகை முன் குனிந்திருந்த அந்தத் தோற்றத்தை நம் சுவர்களில் எங்கும் நான் காணவில்லை. நம் வீராங்கனையர் வென்ற வெண்கலத்துக்கும் அதே நிலைதான்.

நம் வட்டத்துக்கு வருகிறேன். பத்தாண்டுகளில் நம் கூட்டங்களுக்கு ஒட்டிய சுவரொட்டிகள் சிலவற்றை அமைப்பாளர் பாதுகாத்து வைத்திருக்கிறார்; நேற்றுப் பார்த்தேன். முதலாண்டில் கையால் எழுதியவை. கவிதையின் தலைப்புப் பெரிதாக, பேசுவோர் பெயர் சிறிதாக. பிளெக்ஸ் வந்தபின் பேசுவோர் முகம் பெருத்து, கவிதையின் பெயர் அடியில் ஒதுங்கிவிட்டது. இன்றைய அழைப்பிலும் என் முகம் இருக்கிறது. நல்ல படம்தான், குறை சொல்லவில்லை. ஓவியர் ஆதிமூலம் (1938–2008) தூரிகையால் எழுதிய தலைப்பெழுத்துகளை நூல் அட்டைகளில் கண்டவர்கள், தமிழ் எழுத்தின் வளைவே ஒரு படத்துக்குப் போதும் என்பதை அறிவர். ருஷ்ய எழுத்துக்கு மூலைகள் உண்டு. அதைச் சாய்த்தால் வாளாகிறது. நம் எழுத்துக்குச் சுழி உண்டு. அதைச் சாய்த்தால் என்ன ஆகும் என்பதை நம் இளைஞர்கள் ஒருமுறை செய்து பார்க்கலாம். அடுத்த மாதக் கூட்டம் முல்லைக்கலி பற்றியது. சுவரொட்டியில் காளையின் கொம்புக்கு முழுத்தாளையும் கொடுங்கள். என் பெயர் ஓரத்தில் இருந்தால் போதும், படம் வேண்டா.

இனிப் படங்களைப் பார்ப்போம். முதலில் 1928இன் அஞ்சலட்டைகள். பின்வரிசையினர் சற்று முன்னே வந்து அமருங்கள், அவை மிகச் சிறியவை.

(உரையைத் தொடர்ந்து படங்கள் காட்டப்பெற்றன.)